நான் போகாத கடல்

2023 ஏப்ரல் முதல் வாரத்தில் கூகுள் மேப்ஸிலிருந்து வழக்கமான மாதாந்திர மின்னஞ்சல் ஒன்று வந்தது. போன மாதம் எந்தெந்த ஊர்களுக்குப் போனேன், எத்தனை கிலோமீட்டர் பயணம் செய்தேன் என்று கணக்குச் சொல்லும் அந்த மடலை அதற்கு முன் ஒருநாளும் நான் திறந்து பார்த்ததில்லை. தங்கச்சிமடத்தில் பேருந்து ஏறி, ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்துவிட்டு, மாலையில் அதே வழியாகத் திரும்புகிற ஒருவனுக்கு அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கப்போகிறது? அன்று பாம்பன் சாலைப் பாலத்தில் சுற்றுலா வண்டிகளின் நெரிசலில் பேருந்து நின்றுவிட்டதால் பொழுது போகாமல் திறந்தேன். அங்கிருந்து, போன இடங்களை நாள்வாரியாக வரைபடத்தில் காட்டும் டைம்லைன் பக்கத்துக்குப் போனேன். மார்ச் மாதத்தில் பன்னிரண்டு இரவுகள் நான் கடலில் இருந்ததாக வரைபடம் சொன்னது.

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பத்து வயதில் ஒரே ஒரு முறை பெரியப்பாவின் வள்ளத்தில் போய், குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்துக் கரை சேர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் அலுவலக வேலைக்குப் போன முதல் ஆள் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். வாரத்தில் மூன்று இரவுகள் கடலில் கழிப்பவர் அப்பா. ராமேஸ்வரம் விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். காலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் கரைக்கு வரும். வரைபடத்தில் இருந்த தடங்களும் அதே மூன்று நாள்களில், அதே நேரத்தில் கிளம்பி அதே நேரத்தில் திரும்பின. 2019-இல் நான் புதுக் கைப்பேசி வாங்கியபோது பழையதை அப்பாவிடம் கொடுத்தேன். அதிலிருந்த என்னுடைய கணக்கை நீக்காமலே கொடுத்துவிட்டேன் என்பது நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பாலத்தின் நடுவில் எனக்கு உறைத்தது.

கைப்பேசிக்குக் கோபுரச் சிக்னல் கிடைக்காத இடத்திலும் அது நிற்கும் புள்ளி தெரியும், ஏனென்றால் ஜிபிஎஸ் வேலை செய்வது செயற்கைக்கோளை நம்பி. நடுக்கடலில் புள்ளிகளைத் தன்னிடமே சேர்த்துவைத்துக்கொண்டு, கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடும். ஆக, அப்பா கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு நடையும், எந்தப் பக்கம் திரும்பினார், எங்கே நின்றார், எத்தனை மணிக்கு வலையை இழுத்து ஏற்றினார் என்பதும், என் பெயரில், நான் என்றும் பார்க்கப்போகாத ஏதோ ஒரு கணினிக் கிடங்கில் நான்கு வருடமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. இந்தக் கரையில் இது எப்படிப்பட்ட விஷயம் என்று பாக் நீரிணையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு எல்லைக் கோடு போடப்பட்டது. அந்தக் கோடு கடலில் கண்ணுக்குத் தெரியாது. வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். அப்பாவின் புள்ளிகள் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தன என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதக்கூடாத ஒன்று என்னையும் அப்பாவையும் தவிர இன்னொரு இடத்திலும் எழுதப்பட்டிருந்ததுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் செய்தது, பலரும் செய்வதுபோல, இருப்பிடத்தைச் சேர்த்துவைக்கும் லொகேஷன் ஹிஸ்டரியை நிறுத்தியது. நிறுத்திய பிறகுதான் நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு என்று விளங்கியது. நிறுத்தினால் இனிமேல் வருவது சேராது. சேர்ந்தது சேர்ந்தபடியே இருக்கும். போதாக்குறைக்கு, இருப்பிடம் ஒரே பெட்டியில் மட்டும் சேர்வதில்லை. 2018-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஆராய்ந்து வெளியிட்டது இதைத்தான்: லொகேஷன் ஹிஸ்டரியை நிறுத்தியவர்களின் இருப்பிடமும் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்ற வேறொரு அமைப்பின் வழியாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. அந்த விவகாரத்தில் 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு கூகுள் 39.15 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஆகவே இரண்டையும் நிறுத்த வேண்டும். இரண்டிலும் பழையதை அழிக்க வேண்டும். 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று கெடு வைத்துத் தானாக அழிந்துபோகும்படியும் செய்யலாம். எனக்கு அந்த அரைகுறை ஏற்பாடுகளில் மனம் செல்லவில்லை. ஒரே கணக்கில் இரண்டு மனிதர்கள் இருப்பதுதான் சிக்கலின் வேர் என்பதால், கணக்கையே எடுத்துவிட்டு அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று புதிதாகத் தொடங்குவதென்று முடிவுசெய்தேன். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்க இருந்தது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்பாவும் அவருடைய கைப்பேசியும் வீட்டில் இருக்கும். இதைவிடத் தோதான காலம் கிடைக்காது.

அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது முறை. அதற்கென்றே ‘டேக்அவுட்’ என்ற வசதி 2011-இலிருந்து கூகுளில் இருக்கிறது. எது எது வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால், மூட்டை கட்டி இணைப்பு அனுப்புவார்கள். அந்த இணைப்பு ஏறக்குறைய 7 நாள்தான் செல்லும். முதல் மூட்டையை நான் இப்படித்தான் கோட்டைவிட்டேன். 50 ஜிபி அளவுவரை ஒரே கோப்பாகத் தரச் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் தெருவில் வருகிற இணைய வேகத்துக்கு அது இறங்குவதற்குள் கெடு முடிந்துவிட்டது. இரண்டாம் முறை 2 ஜிபி துண்டுகளாகக் கேட்டு, இரவு பதினொன்றுக்கு மேல் ஒவ்வொன்றாக இறக்கினேன். மின்னஞ்சல்கள் எம்பாக்ஸ் என்ற வடிவில் ஒரே பெருங்கோப்பாக வரும். தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில்தான் திறக்க முடியும். படங்கள் படங்களாகவே வரும், ஆனால் எடுத்த தேதியும் இடமும் தனித்தனி ஜேசன் கோப்புகளில் கிடக்கும். இது தெரியாமல் அந்தச் சின்னக் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. பிறகு எந்தப் படம் எந்த வருடத்தது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

இருப்பிடக் கோப்பு என்னை நாள்கணக்கில் கட்டிப்போட்டது. அதில் தசமப்புள்ளியே கிடையாது; அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாக எழுதியிருந்தார்கள். எங்கள் தீவு 9.28 பாகை வடக்கில் இருப்பதால் வீட்டில் இருந்த நேரமெல்லாம் 928 என்று தொடங்கும் எட்டு இலக்க எண்ணாக இருந்தது. நேரமும் நம் நேரம் இல்லை. ஒவ்வொன்றோடும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கைப்பேசிக்கு ஒரு அடையாள எண் இருந்ததால் என்னையும் அப்பாவையும் பிரிக்க முடிந்தது. பிரித்த பிறகு அப்பாவின் வருடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொரு ஏப்ரலிலும் கடல்பக்கம் வெறுமையாகி, கோடையில் புள்ளிகள் தெருமுனைத் தேநீர்க்கடையைச் சுற்றியே மொய்த்தன. 2020-இல் அந்த வெறுமை மார்ச்சிலேயே ஊரடங்கோடு ஆரம்பித்தது. அந்த டிசம்பரில் புரெவி புயல் பாம்பனை நெருங்கியபோது நான்கைந்து நாள் ஒரு புள்ளிகூட வீட்டைவிட்டு நகரவில்லை.

கோப்புகளுக்குள் நான் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்; தட்டச்சு வராது. 2017-இலிருந்தே தமிழில் பேசித் தேடலாம் என்பதால் கைப்பேசியைக் கொடுத்தபோது அந்த மைக்கைத்தான் காட்டிக்கொடுத்திருந்தேன். அவர் பேசியதெல்லாம் 2019 கடைசியிலிருந்து சில மாதங்களுக்கு ஒலித்துணுக்குகளாகச் சேர்ந்திருந்தன. குரல்பதிவைச் சேமிக்கப் பயனரிடம் தனியாகச் சம்மதம் கேட்பது என்று 2020-இல் நடைமுறை மாறியதால் அதற்குப் பிந்தியவை எதுவும் இல்லை. இருந்தவற்றில் பெரும்பாலானவை காற்றைப் பற்றியவை. “இன்னைக்கு ராமேஸ்வரத்துல காத்து எப்படி?” “வாடை எத்தனை நாளைக்கு அடிக்கும்?” ஒருநாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு, “கச்சான் எப்பய்யா விடும்?” என்று, எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதுபோல, அலுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். இதைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள். அழிக்க வேண்டும் என்று உட்கார்ந்தவன் அன்று எதையும் அழிக்கவில்லை. துணுக்குகளை இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை அக்கா வீட்டிலும் வைத்தேன்.

வரைபடத்தை அப்பாவிடம் காட்டியபோது, எல்லைக் கோட்டைப் பார்த்து அவர் பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நான் எங்கெங்க மடி விட்டேன்னு அவுங்ககிட்ட இருக்கா?”

“ஆமாப்பா.”

“மொதலாளி போட்டுல இருந்த பாயிண்டும் இதுல வந்திருக்குமுல்ல?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. விசைப்படகு ஓட்டுகிறவருக்கு ஜிபிஎஸ் பாயிண்ட்தான் சொத்து. எந்த இடத்தில் இறால் படும், எந்த மாதத்தில் கணவாய் ஒதுங்கும், எங்கே பார் என்கிற கடலடிப் பாறை இருக்கிறது, எங்கே போனால் மடி, அதாவது இழுவலை, சிக்கிக் கிழியும் என்பதெல்லாம் பல வருட நட்டத்தில் கற்றுக்கொண்டவை. கூடப்பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவையும் அப்பா படகிலிருந்த கருவியில்தான் பதிந்து வைத்திருந்தார். 2021-இல் முதலாளியோடு மனத்தாங்கலாகி வேறு படகுக்கு மாறியபோது கருவி படகோடு போய்விட்டது. ஞாபகத்தில் இருந்ததை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகத் தடவித் தடவித் தொழில் பார்த்திருக்கிறார். அவரிடமே இல்லாமல் போன அவருடைய தொழிலின் பிரதி, என் பெயரில் இருந்த கணக்கில் பத்திரமாக இருந்தது.

தடைக்காலத்தின் பாதியை அதற்கே செலவிட்டோம். மடி இழுக்கும்போது படகு மெதுவாகப் போவதால் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும்; ஓட்டத்தில் போகும்போது தள்ளித்தள்ளி விழும். இந்த வேறுபாட்டைச் சொன்னதும் அப்பா தடத்தைப் புத்தகம்போலப் படிக்க ஆரம்பித்துவிட்டார். தேதி அவருக்கு நினைவில்லை. “புரெவி புயலுக்கு மறுவாரம்”, “பேத்தி புதுநன்மைக்கு முந்தின நடை”, “பாலத்துல ரயிலை நிறுத்துன மாசம்” என்பார். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது 2022 டிசம்பர் என்று நான் தேடிக் கொடுப்பேன். அந்த மாதத்துத் தடத்தைத் திறந்தால், “இந்தா, இங்கதான், இந்த வளைவுக்கு அங்கிட்டு” என்று விரலை வைப்பார். ஒரு கோடியால் வகுத்து, பாகையையும் நிமிடத்தையும் பிரித்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதினேன். மடி கிழிந்த இடங்களுக்குச் சிவப்பு மை.

அதன் பிறகுதான் கணக்கை அவிழ்க்கிற வேலையைத் தொடங்கினேன். இதில் நான் பட்ட பாட்டுக்கு நானே காரணம், ஓரளவு ஒரு பிரவுசிங் சென்டரும் காரணம். 2016-இல் அரசுத் தேர்வு விண்ணப்பத்துக்காக அந்தக் கணக்கை எனக்குத் திறந்து கொடுத்த கடைக்காரர், மீட்பு எண்ணாகத் தன் கடை எண்ணைக் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் வரிசையில் நின்ற பலருக்கும் அப்படித்தான் செய்திருப்பார். கடையை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. செயலிழந்த கைப்பேசி எண்ணை 90 நாள்களுக்குப் பிறகு இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு விதி. ஆக, என் கணக்கின் சாவி முகம்தெரியாத யாரிடமோ இருந்திருக்கலாம். கடவுச்சொல் எனக்கு நினைவிருந்ததால் எண்ணை மாற்ற முடிந்தது. மறந்திருந்தால் அழிப்பதற்குக்கூட உள்ளே போயிருக்க முடியாது. உங்கள் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருந்தாலும், நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையதே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்த முகவரியைக் கொடுத்து வைத்திருந்த இடங்கள் வங்கி, வருமானவரித் தளம், வருங்கால வைப்புநிதி, தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவு, ரயில் முன்பதிவு என்று நீண்டுகொண்டே போயின. அக்கா மகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்திலும் அதே முகவரிதான் இருந்தது. அவளுடைய முகவரி இல்லாத காலத்தில் நானே கொடுத்தது. ஒவ்வொன்றிலும் புது முகவரியை ஏற்றி, அதற்கு மடல் வந்து சேர்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனேன். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டால் மீளவே முடியாது. கணக்கை அழித்த பிறகு அந்த ஜிமெயில் பெயர் யாருக்கும் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது. வேறொருவர் அதை எடுத்துக்கொண்டு ஏமாற்ற முடியாது என்ற வகையில் நல்லதே. ஆனால் ஓடிபி எனும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த முகவரிக்கு மட்டுமே வரும்படி எந்த அலுவலகத்திலாவது விட்டுவைத்திருந்தால் அங்கே போய் மனுக்கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்களில் குறியிடச் சொல்கிறார்கள். பாக்கித் தொகை ஏதும் இருந்தால் அதற்குப் பொறுப்பேற்பதாக ஒன்று, கணக்கையும் எல்லாத் தகவலையும் நிரந்தரமாக நீக்கச் சம்மதிப்பதாக இன்னொன்று. ஜூன் 10-ஆம் தேதி இரவு இரண்டிலும் குறியிட்டேன். அத்தோடு முடிந்துவிடுவதில்லை. தவறுதலாக அழித்தவர்களுக்காக ஏறத்தாழ ஒரு மாதம் மீட்கும் அவகாசம் உண்டு. சேவையகங்களிலிருந்து முழுதும் அகலப் பொதுவாக 2 மாதம் ஆகும். பேக்அப் பிரதிகளில் 6 மாதம்வரை இருக்கலாம் என்று கூகுளே தன் கொள்கைப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஆக, டிசம்பர்வரை அப்பாவின் கடல் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கும்.

நான் அழித்தது என் கையில் இருந்ததை மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். நான் அனுப்பிய மடல்கள் பெற்றவர்களிடம் இருக்கின்றன. என் எண் ஐந்நூறு பேருடைய கைப்பேசியில் ஐந்நூறு விதமான பெயர்களில் இருக்கும். அவர்கள் தங்கள் தொடர்புப் பட்டியலை யார் யாருக்குத் திறந்துவிட்டார்கள் என்று யார் அறிவார்? தேடுபொறியில் பெயர் வருவது இன்னொரு கதை. ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே மாதம் கூகுளுக்கு எதிராக ஒரு ஸ்பெயின் நாட்டுக்காரருக்குக் கொடுத்த புகழ்பெற்ற தீர்ப்பில்கூட, அவருடைய பழைய கடன் ஏல அறிவிப்பு செய்தித்தாளின் தளத்தில் இருக்க, பெயரைத் தேடும்போது வராமல் செய்யவே உத்தரவானது. நமக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கு உண்டு. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருக்கும் தன் பெயரை மறைக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவர் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் மறைக்கச் சொல்லிப் போட்ட வழக்கே அவர் பெயரை நாடறியச் செய்துவிட்டது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்டில். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, நான் கணக்கை அழித்த இரண்டாம் மாதம், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 12-ஆம் பிரிவு, சம்மதத்தின் பேரில் கொடுத்த தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது; வேறு சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டியதென்றால் மறுக்கலாம். 14-ஆம் பிரிவின்படி, நமக்குப் பிறகு இந்த உரிமையைச் செலுத்த ஒருவரை நியமிக்கலாம். கடல்தொழில் செய்யும் குடும்பங்களுக்கு இந்தப் பிரிவின் அருமை சட்டென்று புரியும். விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்தும் 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதில் எங்கு தேடினாலும் என் சிக்கலுக்கு விடை இல்லை: கணக்கு என் பெயரில் இருந்தது, கடலுக்குப் போனவர் அப்பா. அழிக்கச் சொல்லும் உரிமை யாருடையது? நான் குறியிட்டபோது அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் இட்டேன் என்பதற்குச் சான்று எங்கும் இல்லை.

2024-இல் டைம்லைன் தகவலை இணையத்திலிருந்து எடுத்து அவரவர் கைப்பேசியிலேயே சேமிக்கும்படி கூகுள் மாற்றியது. அதற்குள் அப்பாவின் கைப்பேசியில் அவர் பெயரிலேயே ஒரு கணக்கும், மீட்பு எண்ணாக அம்மாவின் எண்ணும், இருப்பிடப் பதிவுக்குப் பூட்டும் போட்டாகிவிட்டது. காற்றைப் பற்றி இன்னும் அதனிடம்தான் கேட்கிறார்.

தடைக்காலம் முடிந்து முதல் நடைக்குப் போனபோது நோட்டைப் பாலித்தீன் பையில் சுற்றி, டிபன் தூக்குக்கு அடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். இப்போது அது நான் எழுதிக்கொடுத்த பக்கங்களைத் தாண்டி, அவருடைய கோணல் எழுத்தில் வெகுதூரம் போயிருக்கிறது என்று அம்மா சொல்கிறார். எனக்கு அதைக் காட்டுவதில்லை.